50 லட்சத்தில் பிஎம்டபிள்யூவா, பென்ஸா, ஆடியா, கேம்ரியா? கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணனுக்கு மாம்பழக்கூழ் வியாபாரம். ஷோரூம் விலையில் 50 லட்சம் வரை போகலாம் என்கிறார். கண் முழுக்க பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே மேல். பென்ஸ் ஏ கிளாஸ், ஆடி ஏ4 என்றாலும் சரியாம். நான் டொயோட்டா கேம்ரி என்றதும் முகம் சுளிக்கிறார். அடிக்கடி பெங்களூர், எப்போதாவது சேலம். அம்மாவுக்கு முட்டிவலி, பின்சீட்டில்தான் வருவார்.

ஒசூர்_ரைடர்:
இதில் யோசிக்க என்ன இருக்கு ப்ரோ? 2 சீரிஸ்தான். சூளகிரி தாண்டி வரிசையாக லாரி போகும்போது, இடம் கிடைத்ததும் மிதித்துப் பாருங்கள், அப்புறம் வேறு வண்டி பிடிக்காது. 50 லட்சம் கொடுத்து டொயோட்டாவா? கல்யாண மண்டபத்தில் இன்னோவா பக்கத்தில் நிறுத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

தொப்பூர்_கணவாய்:
ரைடர் ஜி, 2 சீரிஸில் 2025ல் வந்த 218 மாடலில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 156 குதிரைத்திறன். இழுவை முன்சக்கரத்தில். பின்சக்கர இழுவை பிஎம்டபிள்யூ வேண்டுமென்றால் 3 சீரிஸ் போகணும், அது 50 லட்சத்தைத் தாண்டும். ஏ கிளாஸ் பெட்ரோலிலும் ரெனோவோடு சேர்ந்து செய்த 1.3 லிட்டர் எஞ்சின்தான். ரெனோவின் டஸ்டர் டர்போவில் வந்த அதே எஞ்சின் குடும்பம். சின்னத்துக்குத்தான் காசு.

ஒசூர்_ரைடர்:
சின்னத்துக்குக் காசு கொடுப்பதில் என்ன தப்பு? ஏற்றுமதி ஆட்களைப் பார்க்கப் போகிறவருக்கு வண்டியும் பேசணும். டஸ்டர் உட்புறமும் பென்ஸ் உட்புறமும் ஒன்றா?

தொப்பூர்_கணவாய்:
ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்காரப் போவது அம்மா. 2 சீரிஸின் கூரை பின்னால் சரிந்து இறங்கும், தலையைக் குனிந்து ஏறணும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2670 மி.மீ. கேம்ரியில் 2825. முட்டிவலிக்காரருக்கு இந்த 155 மி.மீ. பெரிய விஷயம். கேம்ரி பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். தொப்பூர் இறக்கத்தில் அதைக் கவனியுங்கள்: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாலே மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பேட்டரி நிறைந்துவிட்டால் எஞ்சின் உறுமித் தடுக்கும். அந்தச் சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள்.

பாலக்கோடு_தக்காளி:
நடுவில் வருகிறேன். வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை யாரும் பேசவில்லையே. 2023 நவம்பரிலிருந்து நம்ம மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். 48 லட்சம் வண்டிக்கு வரியே 9.6 லட்சம். அப்புறம் காப்பீடு. என் ஓட்டு ஏ4க்கு. 2 லிட்டர், 204 குதிரைத்திறன், அம்மாவுக்கும் இடம் போதும்.

ஒசூர்_ரைடர்:
அதுவும் ஸ்கோடா சூப்பர்ப் எஞ்சின்தானே! கணவாய் அண்ணா, இப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை?

தொப்பூர்_கணவாய்:
சூப்பர்ப் எஞ்சின் நல்ல எஞ்சின், அதனால் 😄

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மூன்று சிலிண்டர் என்றதும் அமைதியாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய் ஏ4, கேம்ரி இரண்டிலும் உட்கார வைத்துப் பார்க்கிறோம்.

ஒசூர்_ரைடர்:
போகிற வழியில் 2 சீரிஸையும் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அம்மா ஷோரூமில் காபி குடிக்கட்டும்.