மறு: 'வாஃபிள்' பிழைக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; எழுதுவோர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

சூரமங்கலம்: தகவமை ஒளியியல் (காற்றுக் கொந்தளிப்பால் கலங்கும் தொலைநோக்கிப் படிமத்தை உடனுக்குடன் திருத்தும் முறை) செய்முறைக் கையேட்டில் ஒரு சொல்தான் பாக்கி. நெளியாடியின் (வடிவம் மாற்றக்கூடிய ஆடி) பின்னாலிருந்து அதைத் தள்ளி இழுக்கும் இயக்கிகள் சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று ஏறியும் இறங்கியும் நின்றுவிடும் 'வாஃபிள்' பிழை. சதுரக் கட்டம் என்ற பொருளில் 'கட்டப்பிழை' என்று போட்டேன். மெய்ப்பு பார்த்தவர் அலையின் கட்டத்தில் (phase) வரும் பிழை என்று படித்துவிட்டார்.

அஸ்தம்பட்டி: படிக்கத்தான் செய்வார். பள்ளியிலேயே 'கட்ட வேறுபாடு' சொல்லிக்கொடுத்தாயிற்று. போதாததற்குக் கையேட்டில் 'கட்டத்திரை' (காற்றுக் கொந்தளிப்பைப் போலச் செய்யும் சுழல்தட்டு) வேறு சுழல்கிறது.

ஏற்காடு: அலைக்குக் 'கட்டம்' கொடுத்ததே கோளாறு. ஜாதகக் கட்டம், தாயக் கட்டம் எல்லாம் நாற்கோணம். இலங்கையில் 'அவத்தை' என்கிறார்கள்.

அஸ்தம்பட்டி: அது வடமொழி அவஸ்தை. நம் பிள்ளைகள் படும் அவஸ்தை போதும்.

அம்மாபேட்டை: 'பாய்ப்பின்னல்' என்னலாமே? சாதா நெசவில் ஊடை ஒரு பாவின் மேல் ஏறி அடுத்ததன் கீழ் இறங்கும், அடுத்த ஊடை அதற்கு நேர் எதிர். மேலே வந்த இடங்களுக்கு மையிட்டால் சதுரங்கம்தான்.

ஏற்காடு: உருவம் சரி அம்மா, வினை எங்கே? இது உணரிக்குத் தெரியாமல் ஒளியும் பிழை. ஷாக்-ஹார்ட்மன் உணரி, நுண்வில்லைகள் குவிக்கும் ஒளிப்புள்ளிகள் நகர்வதை வைத்துத்தான் அலைமுகத்தின் சாய்வை அளக்கிறது; அதன் நுண்வில்லை ஒவ்வொன்றுக்கும் மூலைக்கொரு இயக்கி. ஒரு மூலைவிட்டத்தில் இரண்டும் மேலே, மற்றதில் இரண்டும் கீழே. சராசரிச் சாய்வு சுழி, புள்ளி நகராது. படிமத்தைச் சுற்றி நான்கு போலிப் புள்ளிகள் முளைத்த பிறகே தெரியும். வினைத்தொகை காலம் கரப்பதுபோல் இது பிழை கரக்கிறது. ஆகவே 'கரவுநெளி'.

அஸ்தம்பட்டி: கரவுநெளி என்றால் சேலத்தில் நெளிமோதிரம் தேடுவார்கள். மாணவர் செய்வதைப் பாருங்கள்: ஒவ்வொரு இயக்கியையும் ஒரே அளவு தள்ளி, இழுத்து, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை அணியில் (எந்த இயக்கி எந்தப் புள்ளியை எவ்வளவு நகர்த்தும் என்ற எண் அட்டவணை) ஏற்றுகிறார். வெப்பக்காற்றால் புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அது பெரும்பாலும் இதில் கழிந்துவிடும். அணியை நேர்மாறாக்கும்போது மிகச் சிறிய ஒருமை மதிப்புகளை (உணரிக்குச் சரியாகத் தெரியாத ஆடி வடிவங்களுக்குரிய எண்கள்) வெட்டாவிட்டால் இரைச்சல் பெருகி ஆடியில் இந்தப் பின்னல் ஏறும். திரையில் பார்த்ததும் வாயில் வரும் சொல் வேண்டும்.

சூரமங்கலம்: பாய்ப்பின்னலுக்கு மூன்று பேர், கரவுநெளிக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'வாஃபிள்' போட்டு அனுப்புகிறேன்.

ஏற்காடு: பதிவுக்காக ஒன்று. கோரைப்பாய் நெய்வது, ஓலைப்பாய்தான் பின்னுவது. படம் போட்டால் ஓலைப்பாயைப் போடுங்கள்.