காப்புரிமை வழக்குகளில் ஜூரி சொல்லும் தொகை ஏன் நிலைப்பதில்லை?

நெய்தல்:

ஆப்பிளின் காப்புரிமைகளை மீறியதற்காகச் சாம்சங் ஏறத்தாழ 105 கோடி டாலர் தர வேண்டும் என்று 2012 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி முடிவு கூறியது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2018 ஜூனில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொள்ளும் வரை அந்தத் தொகை மாறிக்கொண்டே இருந்தது. பொறியாளர்களே ஒருவரோடொருவர் முரண்படும் கேள்விகளுக்குப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சில நாட்களில் விடை சொல்வது எப்படிச் சாத்தியமாகிறது? அவர்கள் சொல்வது நிலைக்காது என்றால், இந்த நிறுவனங்கள் இவ்வளவு பொருட்செலவில் விசாரணை வரை ஏன் செல்கின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குறிஞ்சி:

எல்லாக் கேள்விகளும் ஜூரியின் முன் வைக்கப்படுவதில்லை. ஒரு காப்புரிமையின் எல்லையை வரையறுப்பவை அதன் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக்கோரல்கள். அவற்றுக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் பணியே அன்றி ஜூரியின் பணியன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் மார்க்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஓர் உரிமைக்கோரலை நீதிபதி குறுக்கிப் பொருள்கொண்டால் எதிர்த்தரப்பின் கருவி அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். விரித்துப் பொருள்கொண்டால், அந்தக் காப்புரிமைக்கு முன்பே இருந்த பழைய தொழில்நுட்பமும் அதற்குள் அடங்கி, காப்புரிமையே செல்லாது என்ற வாதத்துக்கு வழி பிறக்கும். ஆகவே ஜூரி அமர்வதற்கு முன்பே பல வழக்குகளின் போக்கு தெளிவாகிவிடுகிறது. செய்தித்தாள்கள் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் இறுதித் தொகையை மட்டும் எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

தொகையைப் பொறுத்தவரை நீங்கள் குறிப்பிட்ட வழக்கே தக்க சான்று. சில கருவிகளுக்கு ஜூரி தவறான முறையில் இழப்பீட்டைக் கணக்கிட்டுவிட்டது என்று கூறி, நீதிபதி லூசி கோ 2013 மார்ச்சில் ஏறத்தாழ 45 கோடி டாலரை விலக்கிவைத்தார். அந்தப் பகுதிக்கு மட்டும் அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஜூரி 29 கோடி டாலர் என்று நிர்ணயித்தது. கருவியின் பொதுத்தோற்றம் தொடர்பான கோரிக்கையை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. அவ்வாண்டு இறுதியில் சாம்சங் 54.8 கோடி டாலர் செலுத்தியது. எஞ்சியது வடிவமைப்புக் காப்புரிமை, அதாவது பொருளின் செயல்பாட்டுக்கன்றி அதன் தோற்ற வடிவமைப்புக்குத் தரப்படும் காப்புரிமை. அத்தகைய காப்புரிமையை மீறிய 'பொருளால்' கிடைத்த மொத்த இலாபத்தையும் தர வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். அந்தப் பொருள் முழுக் கைபேசியா, அதன் ஒரு பாகமா என்ற கேள்வியில், அது ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. ஆனால் எதுவெனக் கண்டறியும் அளவுகோலை வகுக்காமலே வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2018 மே மாதத்தில் மூன்றாவது ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. சட்டக் கேள்வியில் சாம்சங் வென்றது; தொகையில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை.

பாலை:

விசாரணை வரை ஏன் செல்கிறார்கள் என்ற கேள்விக்கு என் விடை: பல நேரங்களில் இழப்பீட்டைவிடத் தடையாணையே பெரிய ஆயுதம். பிளாக்பெரி நிறுவனம் 2006 மார்ச்சில் என்.டி.பி. என்ற காப்புரிமை நிறுவனத்துக்கு 61.25 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது; சேவையே முடக்கப்படலாம் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. காப்புரிமை மீறல் நிறுவப்பட்டாலே தடையாணை தானாகக் கிடைத்துவிடாது, நான்கு காரணிகளை எடைபோட்டே வழங்க வேண்டும் என்று இபே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது அதே ஆண்டு மே மாதத்தில்தான். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பேரத்தின் நிலையே வேறாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். அதன் பின்னர், இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரமுள்ள அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தையும் நிறுவனங்கள் மிகுதியாக நாடின.

குறிஞ்சி அவர்களின் கருத்தில் ஓரிடத்தில் எனக்கு மறுப்பு உண்டு. ஜூரியின் பிழையை மேல்நிலையில் திருத்திவிடலாம் என்பது ஆறுதலாகத் தோன்றினாலும், அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. இன்டெல் நிறுவனம் 218 கோடி டாலர் தர வேண்டும் என்று 2021 மார்ச்சில் டெக்சாஸின் வேகோ நகர ஜூரி கூறிய முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது 2023 டிசம்பரில்தான்.

நெய்தல்:

இருவருக்கும் நன்றி. வைஃபை போன்ற பொதுத் தரநிலைகளுக்கு இன்றியமையாத காப்புரிமைகளை நியாயமான கட்டணத்தில் தருவதாக உரிமையாளர்கள் முன்பே வாக்களித்திருக்கிறார்களே, அங்கு அந்த நியாயமான கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

முல்லை:

மைக்ரோசாஃப்டுக்கும் மோட்டோரோலாவுக்கும் இடையே சியாட்டிலில் நடந்த வழக்கை அவசியம் படியுங்கள். வைஃபை, எச்.264 காணொளித் தரநிலை ஆகியவற்றுக்காகப் பொருளின் விற்பனை விலையில் 2.25 விழுக்காட்டை மோட்டோரோலா கேட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் ஆகும் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குக் காட்டியது. ஜூரி இல்லாமல் விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட், அந்தக் காப்புரிமைகள் தரநிலைக்கு எவ்வளவு பங்களிக்கின்றன, தரநிலை பொருளுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, 2013 ஏப்ரலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் டாலரே நியாயமானது என்று முடிவு செய்தார். கேட்ட தொகையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், மோட்டோரோலா தன் வாக்குறுதியை மீறியதா என்ற கேள்வி மட்டும் ஜூரியிடம் சென்றது; மீறியது என்று கூறி மைக்ரோசாஃப்டுக்கு ஏறத்தாழ 1.45 கோடி டாலர் வழங்கினார்கள். அந்த முடிவை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது.