பூநாரை 0

குழு: வாலிநோக்கம் வீடு

அக்டோபர் 11

தங்கச்சி, காலை 6:40: (படம்) பெரியப்பா, சமையலறை ஜன்னலுக்குக் கீழே இது உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. முதுகு பச்சை, வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம்.

சாயல்குடி அத்தை: யார் வீட்டுக் கிளியோ தப்பி வந்திருக்கும்.

பெரியப்பா: கிளி இல்லை. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இந்த மாதம் தெற்கே இறங்கும், சில இலங்கை வரை போகும். ராத்திரியெல்லாம் பறந்து களைத்துப்போய் விடியும்போது கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடும். முதலில் பூனையைப் பிடித்து அடை. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதற்குள் விட்டு மூடி வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே.

தங்கச்சி: சோறு வைக்கவா?

பெரியப்பா: புழு பூச்சி தின்கிற குருவிக்குச் சோறா! ஒன்றும் வேண்டாம், இருட்டும் அமைதியும் போதும்.

தங்கச்சி, மாலை 6:04: திறந்துவிட்டேன். முருங்கைக்கு அடியில் இறங்கி இரண்டு தரம் விசிலடித்துவிட்டு வேலிக்குள் போய்விட்டது.

அபுதாபி அண்ணன்: ஆறு மணியா? பெயரைக் காப்பாற்றிவிட்டது 😄

அக்டோபர் 19

பெரியப்பா, காலை 7:50: உப்பளம், மேற்குப் பாத்தி, ஒரு மணி நேரம். கொசு உள்ளான் 140 போல. பவளக்காலி 22. நெடுங்கால் உள்ளான் 31. காஸ்பியன் ஆலா 4. விராலடிப்பான் 1, கம்பத்து மேல் மீனோடு. பூநாரை 0.

அபுதாபி அண்ணன்: அப்பா, வராததை எதற்கு எழுதுகிறீர்கள்?

பெரியப்பா: எழுதாமல் விட்டால், அது வரவில்லையா, நான்தான் பார்க்கவில்லையா என்று அடுத்த வருடம் எனக்கே தெரியாது.

அத்தை: நாளைக்குத் தீபாவளி. பிள்ளைகளை வெடியோடு உப்பளப் பக்கம் விடாதீர்கள். வேட்டங்குடிக்காரர்கள் பறவைக்காகப் பல வருடமாக வெடியே போடுவதில்லை.

தங்கச்சி: கம்பி மத்தாப்பு மட்டும், அத்தை 🙏

நவம்பர் 30

பெரியப்பா: மழை விட்டது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. கொசு உள்ளான் 0. பவளக்காலி 3. பூநாரை 0.

நான்: இவ்வளவு மழை பெய்திருக்கிறதே பெரியப்பா, பறவை கூடத்தானே வேண்டும்?

பெரியப்பா: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். கொசு உள்ளான் கால் உன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இரண்டு விரல்கடைத் தண்ணீரில் நின்று சேற்றைக் குத்தித் தின்கிற சாதி. முழங்கால் தண்ணீரில் அது எங்கே நிற்கும்? சேறு தெரிகிற இடம் தேடிப் போயிருக்கும். தண்ணீர் வற்ற வற்றத் திரும்பும். கால் நீளத்தைப் பார், எந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். நான் இதைப் புரிந்துகொள்ள நாலு வருடம் ஆனது, முதல் வருடம் உப்பளத்துக்காரர்கள் மேல் பழி போட்டேன்.

அத்தை: எங்கள் கண்மாய் மறுகால் போகிறது அண்ணே. நடுவில் வாத்துக் கூட்டம். வால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா: ஊசிவால் வாத்து. உங்கள் பக்கம்தான் இப்போது விசேஷம். மேலச்செல்வனூர்ப் பக்கம் போனால் கருவேல மரத்தில் கூழைக்கடா இருக்கிறதா என்று பார்.

அத்தை: பார்க்கிறேன். அப்புறம், நேற்று ரோட்டோரம் ஒருவன் உள்ளான் விற்றான். மூச்சிரைப்புக்கு நல்லதாம். வாங்கவா?

பெரியப்பா: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூச்சிரைப்புக்கு டாக்டரைப் போய்ப் பார்.

அத்தை: கேட்டுத்தான் பார்த்தேன் அண்ணே.

டிசம்பர் 21

பெரியப்பா: வாடை கொல்கிறது, தொலைநோக்கி கையில் நிற்கவில்லை. வரப்பு தலைகாட்டிவிட்டது. கொசு உள்ளான் 65. பவளக்காலி 17. பூநாரை 0.

நான், பகல் 11:15: (படம்) பெரியப்பா, தனுஷ்கோடியில் இருக்கிறேன். கோதண்டராமர் கோயில் போகும் வழியில் உங்கள் பூநாரை! நடுவில் சாம்பல் நிறத்தில் நிற்பது வேறு பறவையா?

பெரியப்பா: அதுவும் பூநாரைதான், இளசு. தின்கிற தீனியிலிருந்துதான் சிவப்பு ஏறும், சில வருடம் பிடிக்கும். 2025 ஜூனில்தான் அங்கே 524 ஹெக்டேருக்கு மேல் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். இறங்கித் துரத்திப் படம் எடுக்காதே.

நான்: ரோட்டிலேயே நிற்கிறேன்.

பெரியப்பா, 11:22: தம்பி, படத்தின் வலது மூலையைப் பெரிதாக்கு. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, தடித்த கறுப்பு அலகு. எத்தனை?

நான்: மூன்று. கடற்காகம் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா: நண்டு தின்னி!! ஒன்பது வருடமாக உப்பளத்தில் 0, 0 என்று எழுதி, கடைசியில் அந்த வரியையே விட்டுவிட்டேன்.

அபுதாபி அண்ணன்: அப்பா இரண்டு ஆச்சரியக்குறி போட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

பெரியப்பா: உனக்கும் சொந்தம்தான் அது. மணலில் வளை தோண்டி முட்டையிடும், கரைப்பறவைகளில் வேறு எதுவும் அப்படிச் செய்யாது. அரபுக் கடற்கரைத் தீவுகளில் குஞ்சு பொரிக்கும், உங்கள் அபுதாபித் தீவு ஒன்றிலும் உண்டு.

அபுதாபி அண்ணன்: எனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை 😔

அத்தை: அண்ணே, அது நண்டு மட்டும்தான் தின்னுமா?

பெரியப்பா: அப்புறம் சொல்கிறேன். தம்பி, அங்கேயே நில். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?