உள்பக்கம் திருப்பிப் பார்த்த ஆஸ்திரேலிய உடைகள்: உங்கள் அனுபவம் என்ன?

ஊசிநூல், சிட்னி

சிட்னியின் மேற்குப் பகுதியில் 11 வருடமாக ஆல்டரேஷன் தைக்கிறேன். கராஜில் ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு ஸ்டீம் அயர்ன். அவ்வளவுதான் கடை. பேண்ட் கால் மடிப்பதும் ஜிப் மாற்றுவதும் அன்றாடப் பிழைப்பு. எப்போதாவது ஒரு நல்ல உடை வந்து சேரும். அன்றைக்கு முன்பக்கத்தை அதிகம் பார்க்க மாட்டேன், நேராக உள்பக்கம் திருப்பிவிடுவேன். பத்திரிகைப் படத்தில் வராதது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

போன ஜூலையில், நல்ல குளிரில், ஒரு வெள்ளைக்கார அம்மா கறுப்பு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். லேபிளில் கார்லா ஸாம்பாட்டி. 1980-களில் வாங்கியதாம். அந்தக் காலத்துத் தோள்பட்டைப் பஞ்சு அசையாமல் அப்படியே இருந்தது. மகள் வேலை இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போகப்போகிறாள், இந்தத் தோளை மனிதத் தோளாக ஆக்கிக் கொடுங்கள் என்றார்.

பஞ்சை உருவிவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உருவிப் பாருங்கள், கை தொங்கிப்போகும். பஞ்சின் உயரத்தையும் அகலத்தையும் கணக்கில் வைத்துத்தானே தோளையே வெட்டியிருக்கிறார்கள். அதனால் இரண்டு கையையும் முழுதாகப் பிரித்து, தோள் தையலின் வெளிமுனையை அரை அங்குலம் இறக்கி, அகலத்தில் முக்கால் அங்குலம் எடுத்து, மறுபடி கையை ஏற்ற வேண்டும். கையின் மேல் வளைவு எப்போதும் அது போய் உட்காரும் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் ஆவியில் அமுக்கி அடக்குவதில்தான் தைக்கிறவளின் மானம் இருக்கிறது.

லைனிங்கோ முழுக்க மூடியது. எங்கிருந்து பிரிப்பது என்று தேடினேன். இடது கை லைனிங்கில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தையல் வேறு மாதிரி ஓடியிருந்தது. தைத்தவர் கடைசியில் மொத்த ஜாக்கெட்டையும் அந்தச் சந்து வழியாக இழுத்துத் திருப்பி, பிறகு மூடியிருக்கிறார். நானும் அதே வழியில் உள்ளே போனேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். இரண்டு விளக்கு வைத்தும் கண் எரிந்தது. உள்ளே தையலுக்கு விட்டிருந்த துணி ஏறக்குறைய ஒரு அங்குலம். இப்போது என்னிடம் வருகிற உடைகளில் கால் அங்குலம் இருந்தாலே அதிர்ஷ்டம். அந்தப் பெண்ணுக்கு முதுகில் கொஞ்சம் பிடித்தது. அதை விட்டுக்கொடுக்கக்கூட அதில் இடமிருந்தது. இன்னொரு உடம்புக்கு இது போகும் என்று தெரிந்தே விட்டதுபோல.

அப்புறம்தான் அந்த லேபிள்காரர் கார்லா ஸாம்பாட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். இத்தாலியில் பிறந்து, 1950-ல் சிறு பெண்ணாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். 1965-ல் முதல் கலெக்‌ஷன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஜாக்கெட், ஜம்ப்சூட் என்றால் இங்கே பலருக்கும் அவர் பெயர்தான் முதலில் வாயில் வரும். 2021-ல் காலமானபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு: 1999 முதல் 2009 வரை, பல மொழிகளில் ஒலிபரப்புகிற எஸ்பிஎஸ் நிறுவனத்தின் தலைவர் அவர்தானாம். அந்த ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் கராஜில் ஓடிக்கொண்டிருந்தது எஸ்பிஎஸ் தமிழ்.

இன்னொன்று. 2019-ல் பவர்ஹவுஸ் மியூசியத்தில் அகிரா இசொகாவாவின் உடைகளை வைத்திருந்தார்கள். கியோட்டோக்காரர், 1986-ல் சிட்னிக்கு வந்தவர், 1993-ல் வுல்லாராவில் கடை போட்டவர். பழைய கிமோனோத் துணியை வெட்டி வேறொன்றாகத் தைப்பதில் கைதேர்ந்தவர். மெல்லிய பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக, தொட்டால் கரைந்துவிடும்போல. ஓரம் எப்படி முடித்திருக்கிறார் என்று பார்க்க நான் குனிந்த குனியில் காவலர் சிரித்துக்கொண்டே வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள் என்றார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளர் வேறு யாரோ தைத்த விலை உயர்ந்த உடையைக் கொண்டுவந்து, "ஓரம் அடிக்காமலே விற்றுவிட்டார்கள், மடித்துக் கொடுங்கள்" என்றார். வேண்டுமென்றே பிசிறு விட்டிருக்கிறார்கள், அதுதான் ஸ்டைல் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. மடித்தே கொடுத்தேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். போட்டது, தொட்டது, தூர நின்று பார்த்தது, எதுவானாலும் சரி.

பழையதாள், சிட்னி

நான் உடையைத் தொட்டதில்லை அக்கா, பத்திரிகையைத்தான் புரட்டியிருக்கிறேன். பேஜ் லேஅவுட் செய்வது என் தொழில். மக்குவாரி தெருவில் உள்ள மாநில நூலகத்தில் வோக் ஆஸ்திரேலியாவின் பழைய இதழ்களை எடுத்துத் தரச்சொல்லி, ஒரு மழைக்கால சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அது தனி இதழாக வர ஆரம்பித்தது 1959-ல்.

முதலில் எனக்குக் குழப்பியது பருவம். வடக்கு நாடுகளின் செப்டம்பர் இதழ் என்றால் குளிருக்கான கனத்த கோட்டுகள். இங்கே செப்டம்பரில் வசந்தம் பிறக்கிறது. பாரிஸில் இன்று காட்டுகிற உடையை இங்கே அச்சடித்தால் வாசகிக்கு ஆறு மாதம் தப்பும். இந்த ஊர் டிசைனர்களுக்கும் இதே தலைவலிதான்: சிட்னிக்குத் தைப்பதா, லண்டன் கடைக்குத் தைப்பதா? சிட்னியின் ஃபேஷன் வீக் 1996-ல் தொடங்கியது. 2016-லிருந்து மே மாதத்தில் ‘ரிசார்ட்’ உடைகளைக் காட்டுகிறது. வடக்கே குளிருக்குத் தப்பிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் நவம்பரில் வாங்குகிற மெல்லிய உடைகள் அவை. நவம்பரில் இங்கேயோ வெயில் கொளுத்த ஆரம்பித்திருக்கும். ஒரே உடை இரண்டு பக்கமும் விலைபோகும். கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது வெளிச்சம். ஐரோப்பியப் படங்களில் நிழல் மெதுவாகக் கரையும். இங்கே கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். பிற்காலத்துப் பக்கங்களில் மணல், ஈரத்தலை, உப்பு படிந்த தோள், உதறிப் போட்டதுபோல ஒரு லினன் சட்டை. எனக்குக் கொஞ்சம் அலுத்தும் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் மெல்பர்னும் இருக்கிறது, மழையும் பெய்கிறது.

மூன்றாவதாக ஒரு கணக்கு. அட்டையில் முதல் பூர்வகுடிப் பெண்ணாக எலெய்ன் ஜார்ஜ் வந்தது 1993-ல். 1959-லிருந்து எண்ணினால் 34 வருடம். இரண்டாவதாக சமந்தா ஹாரிஸ் வந்தது 2010-ல். நடுவில் இன்னொரு 17. அந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறெதுவும் புரட்டவில்லை.

2020 ஜூலையில் ஒரே பதிப்பகம் எல், ஹார்பர்ஸ் பஜார், இன்ஸ்டைல் உட்பட 8 இதழ்களை ஒரே நாளில் மூடியது நினைவிருக்கும். முதல் இரண்டும் வேறு வேறு வருடங்களில் திரும்பி வந்துவிட்டன. லேஅவுட் செய்கிற எங்களில் பலருக்கு வேலை திரும்பி வரவில்லை.

நூலகம் போக முடியாதவர்களுக்கு: தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் விமன்ஸ் வீக்லி பத்திரிகை 1933 முதல் 1982 வரை முழுக்க இருக்கிறது, காசு வேண்டாம். ஊசிநூல் அக்காவுக்கு அதிலுள்ள தையல் பேட்டர்ன் பக்கங்கள் பிடிக்கும்.

கறுப்புக்குடை, மெல்பர்ன்

மெல்பர்ன் பெயரை எடுத்ததற்கு நன்றி. இங்கே கறுப்பைத் தவிர வேறு நிறம் போட்டால் டிராமில் இடம் தர மாட்டார்கள் என்பது பழைய ஜோக். நான் வந்த வருடம் மஞ்சள் கோட்டு வாங்கினேன். இரண்டாம் வருடம் அது ஆப் ஷாப்புக்கு, அதாவது பழைய துணி விற்கும் தர்மக் கடைக்குப் போனது.

தினமும் ஃபிளிண்டர்ஸ் லேன் வழியாகத்தான் நடக்கிறேன். ஒரு காலத்தில் இந்த ஊரின் ஜவுளி வியாபாரமே அந்தச் சந்தில்தான். ஃபேஷன் புகைப்படக்காரர் ஹெல்மட் நியூட்டன் 1940-ல் சிங்கப்பூரிலிருந்து கைதியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, முகாமில் இருந்து, பிறகு ஸ்டூடியோ வைத்ததும் அங்கேதான். இப்போது காபிக் கடை, காபிக் கடை, இன்னொரு காபிக் கடை.

2016-ல் டோனி மாடிசெவ்ஸ்கியின் உடைகளைப் பார்க்க பெண்டிகோ வரை இரண்டு மணி நேரம் ரயிலில் போனேன். துணி என்றே நம்ப முடியாத மடிப்புகள், காகிதத்தை மடித்து நிறுத்தியதுபோல. எப்படி நிற்கிறது என்று பக்கவாட்டில் போய்ப் போய்ப் பார்த்தேன். அக்கா வந்திருந்தால் காவலர் வெளியே அனுப்பியிருப்பார்.

மாமரத்தடி, பிரிஸ்பேன்

பிரிஸ்பேன் என்றாலே டிசைனரா என்று சிட்னிக்காரர்கள் கேட்பார்கள். ஈஸ்டன் பியர்சன் எங்கள் ஊர். பமேலா ஈஸ்டன், லிடியா பியர்சன் என்று இரண்டு பெண்கள் 1989-ல் ஆரம்பித்து 2016 வரை நடத்தினார்கள். மூடியபின் 3,000-க்கும் மேற்பட்ட உடைகள் மொத்தமாக பிரிஸ்பேன் மியூசியத்துக்குப் போய்விட்டன. மியூசியம் சிட்டி ஹால் கட்டடத்திலேயே இருக்கிறது. லிஃப்டில் ஏறிப் போனால் ஆயிற்று.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஃபேஷன் எல்லாம் ஆகாது, ஏசிக்காகத்தான் வந்தார். ஒரு பாவாடைக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "இது ஆரி வேலைடி" என்றார். நான் இல்லை என்றேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சங்கிலி சங்கிலியாகத் தையல், இடையிடையே மணி. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: அவர்கள் பல வருடம் இந்தியாவில் உள்ள எம்பிராய்டரிக்காரர்களோடு சேர்ந்துதான் வேலை செய்திருக்கிறார்கள். அம்மா சொன்னது சரி. அதை அவர் இன்றுவரை விடவில்லை.

கீழே இறங்கி வரும்போது, "இந்தத் தையல் போட்டவங்க பேரு எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டார். பொதுவாகவே எந்த நாட்டு லேபிளிலும் மணி கோத்தவர் பெயர் இருப்பதில்லை. நம் ஊர்க் கல்யாண பிளவுஸில் மட்டும் இருக்கிறதா என்ன என்று கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வெட்டிவேர், டார்வின்

சுருக்கமாக ஒன்று. நான் இங்கே நர்ஸ். ஒரு பாட்டியைப் பார்க்க வந்த பெண் போட்டிருந்த பாவாடையின் அச்சு கண்ணைப் பறித்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். வாங்கவில்லை, எங்கள் தீவில் அச்சடிப்பது என்றாள். திவி தீவுகளில் வுருமியாங்கா என்ற ஊரில் பீமா வேர் என்று பெண்களே நடத்தும் இடம், 1969-லிருந்து. ஆகஸ்டில் டார்வினில் ‘கன்ட்ரி டு கூட்யூர்’ நிகழ்ச்சி நடக்கும்போது இப்படிப்பட்ட அச்சுத் துணிகள் மேடையில் வரும். நான் போயிருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த வார்டு வராந்தாவில், தினசரி உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆகிப்போன பாவாடையாகப் பார்த்ததற்கு அது ஈடாகவில்லை.

அவசரக்குடுக்கை, சிட்னி

அக்கா, அனுபவம் இல்லை, அவசரம்! ஆபீஸ் தோழியின் கல்யாணம், ஹன்டர் வேலியில் ஒரு ஒயின் தோட்டத்தில். ஸிம்மர்மன் உடை வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது, நாலு நாள் வாடகைக்கு எடுத்தேன். 1991-ல் அக்கா தங்கை இரண்டு பேர் தொடங்கினார்களாம், ஆரம்பத்தில் பேடிங்டன் சந்தையில் விற்றிருக்கிறார்கள். இன்றைக்குச் சந்தை விலையா அது! சைஸும் 8, 10, 12 கிடையாது, 0, 1, 2, 3 என்று அவர்களுக்கென்று தனிக் கணக்கு. ‘2’ போட்டதும் சட்டென்று இளைத்துவிட்டதுபோல ஒரு சந்தோஷம்.

கல்யாணத்தில் துளி ஒயின்கூடச் சிந்தவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, பசியில் உடையைக்கூட மாற்றாமல் ஃபிரிட்ஜிலிருந்த சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். சந்தன நிற லினன். மடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. சோப்பு போட்டதும் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிட்டது! நாளை மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். டெபாசிட்டை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஊசிநூல்

பதறாதே கண்ணு. ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு விழுவதால்தானே. சோப்பும் அதே வேலையைத்தான் செய்தது. நல்ல தண்ணீரில் சோப்பு போகிறவரை அலசு, மறுபடி மஞ்சளாகும். பிளீச் பக்கம் போகாதே. பிழியாமல் துண்டில் ஒற்றி, ஈரத்தோடு கறை உள்ள இடம் மட்டும் நேர் வெயிலில் படுகிற மாதிரி விரி. மற்ற இடத்தை வெள்ளைத் துணியால் மூடு. மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. அதிலும் இந்த ஊர் வெயில்.

அவசரக்குடுக்கை

போய்விட்டது அக்கா! காலை எட்டரைக்கு பால்கனியில் விரித்தேன். பத்தரைக்கு வெளிறியது. ஒரு மணிக்கு எங்கே இருந்தது என்று நானே தேட வேண்டியிருந்தது. ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் காவல் இருந்தேன்.

மடித்து வைக்கும் முன், நீங்கள் சொன்னதுபோல உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடுப்பு லைனிங்கில் ஒரு சின்ன ஊக்கு, துணியோடு துணியாகக் குத்தியபடியே இருந்தது. என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் வாடகைக்கு எடுத்த யாருக்கோ இடுப்பு தளர்வாக இருந்திருக்கிறது. எனக்கு அது சரியாக உட்கார்ந்ததே அந்த ஊக்கால்தான் போலிருக்கிறது. எடுக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.