குன்னூர் ஈரத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் தாங்குமா?

கேள்வி:
குன்னூரில் வீடு. டாலி கணக்குக்கும் பையன் படிப்புக்குமாக ஒரு டெஸ்க்டாப் வேண்டும். கையில் 30,000 ரூபாய். ஆபீஸில் கழித்த மெஷின் வாங்கலாமா? மழைக்காலத்தில் சுவரே வேர்க்கிறது, கரண்டும் போய்ப் போய் வரும்.

பதில் 1:
தாராளமா வாங்கலாம் அண்ணா. ஆனால் இன்டெல் பிராசஸர் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே தொடாதீங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் விண்டோஸ் 11 ஓடுகிற மெஷினாக இருக்கணும். அதற்கு இந்தத் தலைமுறையோடு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். மூடியைத் திறந்து பாருங்க: மதர்போர்டில் கபாசிட்டர் (சின்ன உருளை மாதிரி நிற்கும் பாகம்) தலை உப்பியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
ஈரம்தான் இங்கே முதல் எதிரி. சிபியூவைத் தரையில் வைக்காதீங்க, வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்க. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், அந்தச் சூடே உலர்த்தும். ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்க. பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அடிப்பக்கத் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்க.

பதில் 3:
600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீங்க, இழுவை தாங்காது. இடி மின்னலுக்கு யுபிஎஸ்ஸை நம்பி விடக்கூடாது. அப்போது பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றணும். பலரும் அந்தக் கேபிளை மறந்துதான் மதர்போர்டைப் பறிகொடுக்கிறார்கள்.