திடீர் திடீர்னு நின்னு போற கம்ப்யூட்டர்: உங்க வீட்ல என்ன ஆச்சு, எப்படி புடிச்சீங்க?

தறிச்சத்தம்:
நானே ஆரம்பிச்சு வைக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. எங்க வீடு சேலம் அம்மாபேட்டை. சுவத்துக்கு அந்தாண்ட ஆறு விசைத்தறி. பொறந்ததுலேர்ந்து அந்த சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டோம், தறி நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும், ஓடுறப்ப காதுலயே விழாது. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

தங்கச்சி வீட்ல இருந்தபடியே நாலஞ்சு கடைக்கு டேலில (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) கணக்கு போடுறா. சித்திரை மாசத்துலேர்ந்து கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. மவுஸ் நகரும், ஆனா எதை கிளிக் பண்ணாலும் ஒண்ணும் திறக்காது, கேபினெட் முன்னாடி இருக்குற ஹார்ட் டிஸ்க் லைட் மினுக்காம அப்படியே நின்னு எரியும். சில நேரம் ஒரு நிமிஷத்துல தானா உசுரு வரும், சில நேரம் பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சாத்தான் வேலை ஆவும். ஒரு நாளைக்கு மூணு தடவை, அடுத்த நாள் ஒண்ணுமே இல்ல, அப்புறம் ஒரே மணி நேரத்துல ரெண்டு தடவை.

கடைக்கு தூக்கிட்டுப் போனேன் (எந்த கடைன்னு கேக்காதீங்க). முதல்ல விண்டோஸ் போட்டுத் தந்தாங்க. ரெண்டு நாள்ல பழைய கதை. அப்புறம் ரேம் மாத்தினாங்க, அதுக்கும் காசு. மூணாவது தடவை போனப்ப "மதர்போர்டே போயிருச்சுங்ணா, புதுசா ஒண்ணு எடுத்துருங்க"ன்னு சொல்லிட்டாங்க. இதுல கடுப்பு என்னன்னா அவங்க கடைல வச்சு நாள் பூரா ஓட்டினா நிக்கவே நிக்காது, எங்க வீட்டு மேசைல வச்சா நிக்கும். அந்த ஒரு விஷயத்துலயே விடை இருந்துச்சு, எனக்கு அப்ப மண்டைல ஏறல.

அப்பாதான் ஒரு வேலை பண்ணாரு. தினமும் கிழிக்கிற காலண்டர் தாள் இருக்கில்ல, அதைத் தூக்கிப் போடாம பின்பக்கம் நின்னு போன நேரத்தை பென்சில்ல எழுதி, மேசை டிராயர்ல கிளிப் போட்டு சேத்து வச்சாரு. நான் சிரிச்சேன். கம்ப்யூட்டருக்கு ஜாதகம் எழுதுறீங்களாப்பான்னு கேட்டேன்.

ஒரு நாள் மாசாந்திர பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தினாங்க. தங்கச்சி இன்வெர்ட்டர்லயே கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஓட்டினா, ஒரு தடவை கூட நிக்கல. ஆஹா மாட்டுச்சுடா, வோல்டேஜ் ஏத்த இறக்கம்தான்னு முடிவு பண்ணி உடனே ஸ்டெபிலைசர் வாங்கினேன். மறுநாள் காலைல பத்தரைக்கு ஸ்டெபிலைசரோட சேந்தே நின்னுச்சு.

அப்புறம் ஆடி வந்துச்சு. கோட்டை மாரியம்மன் திருவிழா, வண்டி வேடிக்கை, ஊரே தெருவுல. பக்கத்து தறிக்கார அண்ணன் நாலு நாள் தறியை நிறுத்திட்டாரு. கரண்ட் நல்லா இருந்துச்சு, இன்வெர்ட்டர் இல்ல, தங்கச்சி ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேலை பாக்குறா, நாலு நாளும் ஒரு ஹேங் கிடையாது. அப்பா தாளையெல்லாம் மேசைல பரப்பி வச்சுட்டு சொன்னாரு, "டேய், கரண்ட் கட் ஆன அன்னிக்கும் நிக்கல, இப்பவும் நிக்கல. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு? தறி ஓடல."

தறி திரும்ப ஓட ஆரம்பிச்ச அன்னிக்கு கேபினெட் பக்கவாட்டுல உள்ளங்கையை வச்சுப் பாத்தேன். கிர்ர்ர்னு ஒரு அதிர்வு, லேசாத்தான், ஆனா விடாம. மேசை அந்த சுவத்துல ஒட்டி இருக்கு. கழட்டிப் பாத்தா ஹார்ட் டிஸ்க்குக்கு போற சாட்டா கேபிள் பழசு, முனைல லாக் பண்ற இரும்பு கிளிப்பே இல்லாத டைப்பு, விரல்ல தொட்டா ஆடுது.

இதுக்கப்புறம்தான் முறையா பாத்தேன், முதல் நாளே பாத்திருக்கணும். விண்டோஸ் தன் கோளாறுகளை எழுதி வைக்கிற ஈவன்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்தா, அப்பா எழுதுன நேரத்துக்கு பக்கத்துலயே 129, 153ன்னு எச்சரிக்கை வரிசையா நிக்குது. 129ன்னா டிஸ்க்குகிட்ட பேசிப் பேசி பதில் வராம இணைப்பையே ரீசெட் பண்ணிருக்கு, 153ன்னா கேட்டதையே மறுபடி கேட்டிருக்கு. அது வரைக்கும் விண்டோஸ் வாயைப் பொத்திக்கிட்டு காத்துக் கிடக்கும், நமக்கு அது ஹேங். அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, டிஸ்க்கோட உடம்பு நிலையைக் காட்டுற சாஃப்ட்வேர். தட்டுல கெட்டுப் போன இடங்களை எண்ணுற 05, சி5 வரி ரெண்டுமே சைபர், அப்ப டிஸ்க்கு தட்டுல கோளாறு இல்ல. சி7ங்கற வரில மட்டும் நம்பர் எகிறிக் கிடந்துச்சு. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல கேபிள்ல போற டேட்டா வழில கெட்டுப் போனா ஏறுற கணக்கு அது. (அந்த நம்பர் முதல்ல எழுத்தும் எண்ணும் கலந்து புரியாத மாதிரி இருக்கும், மெனுல 10 அடிமானத்துக்கு மாத்திட்டுப் பாருங்க.) என்னுது 2,316.

கிளிப் வச்ச புது கேபிள் 120 ரூபா. போர்டுல வேற சாட்டா போர்ட்ல சொருகினேன், மேசையை சுவத்துலேர்ந்து அரை அடி தள்ளிப் போட்டேன், கேபினெட்டுக்கு அடில பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் வச்சேன். அவ்ளோதான். சி7 நம்பர் குறையாது, யாரும் ஏமாந்துராதீங்க, அது மேல ஏறாம நின்னா சரியாயிருச்சுன்னு அர்த்தம்.

மாத்தின ரேம் காசு போனது போனதுதான்.

கொலுசுப்பட்டறை:
அண்ணா உங்க அப்பாவுக்கு ஒரு சல்யூட். எங்களுது செவ்வாய்பேட்டை, பில்லிங் கம்ப்யூட்டர். உங்களுது மாதிரி மவுஸ் நகராது, எல்லாமே உறைஞ்சிரும், பாட்டு ஓடினா ங்ங்ங்னு ஒரே எழுத்துல நிக்கும். கேப்ஸ் லாக்கை தட்டிப் பாத்தேன், லைட் மாறல. லைட் மாறினா உள்ள இன்னும் உசுரு இருக்கு, மாறலைன்னா அடி பலம், அப்ப ரேம், சூடு, எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்குற பெட்டி)னு அந்தப் பக்கம் தேடுங்க. எங்களுக்கு சூடு. பிராசசர் சும்மா இருக்கறப்பவே 90 டிகிரிக்கு மேல காட்டுச்சு. பிராசசர் மேல சூட்டைக் கடத்தத் தடவுற பேஸ்ட் காஞ்சிருக்கும்னு நினைச்சு பிரிச்சா, போன தடவை சர்வீஸ் பண்ணவரு ஃபேனை மாட்டினப்ப நாலு காலுல ஒரு காலு டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கல, அது தூக்கிட்டு நின்னுருக்கு. சேலத்து மே மாச வெயில் வேற. காலை அமுக்கி, புது பேஸ்ட் வச்சதும் 50க்குள்ள வந்துருச்சு.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு அதான் ஹேங் ஆவுதுன்னு என்கிட்டயும் ஒருத்தரு சொன்னாரு. 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது நெசம்தான், ஆனா அதுக்கப்புறம் வழக்கமா வர்ற பாதுகாப்பு அப்டேட் தானா வராதுன்னுதான் அர்த்தம், அன்னிக்கு ராத்திரியே மெஷின் நிக்கணும்னு இல்லீங்க.

பனிமூட்டம்:
ஏற்காட்லேர்ந்து எழுதுறேன். கடைல வச்சா நிக்காது வீட்ல வச்சா நிக்கும்னு படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, எனக்கும் அதே நோய், காரணம்தான் வேற. ஐப்பசி கார்த்திகைல இங்க பனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துரும், துணி மூணு நாள் ஆனாலும் காயாது. காலைல போட்டா பத்து நிமிஷத்துல நிக்கும், ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி நிக்கும், அரை மணி நேரம் அப்படியே போராடினா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தங்கமா ஓடும்.

பஸ்ல மடில வச்சு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டில இறங்கி கடைக்குப் போனா ஒண்ணுமில்லைங்கறாங்க. டாக்டர்கிட்ட போனதும் காய்ச்சல் விடுற மாதிரி. திரும்ப மலை ஏறி ரெண்டு நாள், பழையபடி. அப்புறம் ஒருத்தர் சொல்லி, ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விட்டேன், காலைல பாத்தா ஒரு எரரும் இல்ல. ஏன்னா ராத்திரி முழுக்க மெஷின் சூடாவே இருந்துருக்கு! மறுநாள் நல்லா ஆற விட்டு, காலைல ஆறு மணிக்கு குளுர்ல ஆன் பண்ணதும் ஓட விட்டேன், நாலே நிமிஷத்துல செவப்பு செவப்பா வரி வரியா கொட்டுச்சு.

ரேமை கழட்டினா மஞ்சக் கலர் பட்டைல மங்கலா கறை. பையனோட பென்சில் ரப்பர்ல தேய்ச்சு, தூசியை ஊதாம பெயின்ட் பிரஷ்ல தட்டி (ஊதினா எச்சி படும்), ஸ்லாட்டையும் துடைச்சு மாட்டினேன், ரெண்டு மழைக்காலம் ஓடிருச்சு. இப்ப வேலை இருக்கோ இல்லையோ தினமும் ஒரு மணி நேரம் போட்டு வச்சுருவேன். இடி இடிச்சா மட்டும் பிளக்கை புடுங்கிருவேன், நெட் வயரையும் சேத்து, அதுல வந்து அடிச்சு ஒரு மோடம் போயிருக்கு.

ராத்திரிஷிப்ட்:
என்னுது சின்ன கதை. 2017ல வந்த முதல் தலைமுறை ரைசன் பிராசசர், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். கேம் ஆடுனா நிக்காது, வேலை செஞ்சா நிக்காது, டீ குடிக்கப் போய்ட்டு வந்தா நின்னு கிடக்கும். சும்மா இருக்கறப்ப பிராசசர் ஆழ்ந்து தூங்கப் போய் எழுந்திரிக்காம விட்டுருது. பயாஸ்ல (ஆன் பண்ணதும் வர்ற போர்டோட செட்டிங்ஸ்) பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கும், அதை டிபிகல் கரன்ட் ஐடில்னு மாத்தினேன், நின்னுருச்சு. அதாவது நிக்கறது நின்னுருச்சு.

தறிச்சத்தம்:
பனிமூட்டம் அண்ணா, ஆற வச்சு டெஸ்ட் பண்ணது சூப்பருங்ணா, எனக்கு தோணியே இருக்காது. கொலுசுப்பட்டறை, சல்யூட்டை அப்பாகிட்ட சொன்னேன், டிராயரைத் திறந்து தாளுங்க எல்லாம் இன்னும் இருக்கான்னு எண்ணிப் பாத்தாரு. இப்ப ஃபிரிட்ஜ் சத்தம் போடுற நேரத்தை எழுதிட்டிருக்காரு.

இன்னிக்கு காலைல பாத்தேன், பக்கத்துல ஆறு தறியும் ஓடுது, சி7 அதே 2,316.