விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்: கேட்பவர்கள் இத்தனை பேர், வாங்குபவர்கள் எங்கே?

மலைச்சாலை:

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரட்டைக் கார்களை முன்வைத்து இந்த விவாதத் திரியைத் தொடங்குகிறேன். 2012இல் இவை வெளிவருவதற்கு முன் கார் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? எடை குறைவாக இருக்க வேண்டும், இயந்திரம் முன்னாலும் இயக்கம் பின்சக்கரங்களிலும் இருக்க வேண்டும், மேனுவல் கியர் வேண்டும், மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கக்கூடிய விலை வேண்டும் என்பதுதான். டொயோட்டாவின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா அதை ஏறத்தாழ அப்படியே செய்து கொடுத்தார். எடை 1,250 கிலோ அளவு, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் 2.0 லிட்டர் பாக்ஸர் இயந்திரம், 200 குதிரைத்திறன். அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் 25,000 டாலருக்குள் விலை. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், சாலையை இறுகப் பிடிக்கும் விலையுயர்ந்த டயர் வேண்டாம் என்று அவர் வேண்டுமென்றே விலக்கியவைதான் அந்த விலையைச் சாத்தியமாக்கின.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அமெரிக்காவில் 2013இல் சுமார் 18,000 எஃப்ஆர்-எஸ் விற்றன; 2015இல் அது 10,500 அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி. கேட்டதைக் கொடுத்த பிறகும் கேட்டவர்கள் கடைப்பக்கம் வரவில்லையென்றால், தவறு தயாரிப்பாளரிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆர்வலர் எனப்படுபவர் புதிய கார் வாங்குவதில்லை. அடுத்தவர் வாங்கி, ஐந்து ஆண்டுகள் ஓட்டி, விலை பாதியான பிறகு வாங்குகிறார். அதுவரை மன்றங்களில் கருத்துச் சொல்கிறார்.

கியர்ப்பெட்டி:

நண்பர் மலைச்சாலையின் தீர்ப்பை ஏற்க இயலவில்லை. வாங்காதவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன், விற்க வந்தவர் என்ன கொண்டுவந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, நிமிடத்துக்கு 3,500 முதல் 4,500 சுற்று வரை இயந்திரத்தின் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, ஒரு பள்ளத்தில் விழுவது தெரிந்திருக்கும். நகரச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்கு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் இடம் சரியாக அதுதான். மிதித்தவுடன் சத்தம் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் வாங்குபவருக்கு நினைவில் நிற்பதும் அதுவாகவே இருக்கும். வளைவில் அது எவ்வளவு அழகாகத் திரும்பினாலும், ஷோரூமைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தகைய வளைவு ஏது? இந்தக் குறை முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் 2017 மாடலில்தான், அதுவும் மேனுவல் கியர் காருக்கு மட்டும், ஐந்து குதிரைத்திறனைக் கூட்டினார்கள். ஒரே காரை ஏறத்தாழ பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி விற்றுவிட்டு, ஆர்வலர்கள் வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

மலைச்சாலை:

அப்படியானால் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். 2021இல் வந்த ஜிஆர்86இல் 2.4 லிட்டர் இயந்திரம், 228 குதிரைத்திறன். முறுக்குவிசையின் உச்சம் 3,700 சுற்றிலேயே கிடைக்கிறது. நீங்கள் சொன்ன பள்ளம் நிரப்பப்பட்டுவிட்டது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையும் பழைய காரைவிட உயரவில்லை. விளைவு? 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் டொயோட்டா விற்றது ஆண்டுக்கு 11,000 அளவில்தான். பிஆர்இசட்டைச் சேர்த்தாலும் 2013இல் எஃப்ஆர்-எஸ் மட்டும் விற்ற எண்ணிக்கையை எட்டவில்லை. அதே நிறுவனத்தின் ராவ்4 எஸ்யூவி ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் விற்கிறது. பள்ளம் இயந்திரத்தில் இருந்ததா, சந்தையில் இருந்ததா?

பேரேடு:

நான் டெக்சஸில் வாகனக் கடன் தரும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எண்களோடு புழங்குபவன் என்ற முறையில், இருவரும் தவறான இடத்தில் குற்றவாளியைத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

ஒரு குடும்பக் காருக்கான தேவை ஆறு போன்றது. ஒவ்வொரு ஆண்டும் யாருக்காவது குழந்தை பிறக்கிறது, யாருடைய பழைய காராவது பழுதாகிறது, அவர்கள் வந்துதான் ஆக வேண்டும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் யாருக்கும் இல்லை. அதை விரும்புபவர்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே காத்திருப்பார்கள். முதல் பதினெட்டு மாதங்களில் அவர்கள் எல்லோரும் வாங்கி முடித்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் வருவதற்குப் புதிய ஆள் மிகக் குறைவு. ஆகவே 18,000 என்பது 10,500 ஆனது, காரின் குறையாலும் அல்ல, ஆர்வலரின் கஞ்சத்தனத்தாலும் அல்ல. இவ்வகைக் காரின் விற்பனை அப்படித்தான் இறங்கும். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் காரை யாரும் குறை சொல்வதில்லை. அமெரிக்காவில் 1990இல் அது ஏறத்தாழ 36,000 விற்றது. 2013இல் 6,000கூட விற்கவில்லை.

விலையைப் பற்றியும் ஒன்று. அந்த முதல் எம்எக்ஸ்-5இன் விலை 13,800 டாலர். இன்றைய பண மதிப்பில் அது ஏறத்தாழ 35,000 டாலராகும். இன்றைய எம்எக்ஸ்-5 அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது, அதுவும் காற்றுப்பைகளும் மின்னணுப் பாதுகாப்பு வசதிகளும் சேர்ந்து. அப்படியிருந்தும் விற்பனை அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டத் தவிக்கிறது. எனவே ‘விலையைக் குறைத்தால் வாங்குவோம்’ என்ற வாதத்தை இந்தத் திரியில் இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹிரோஷிமா ரசிகன்:

எம்எக்ஸ்-5ஐத் தோல்விக் கணக்கில் எழுதும் பேரேடு ஐயாவுக்கு என் ஆட்சேபம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காரை உருவாக்கி, இன்றும் உற்பத்தியில் இருக்கும் கார் அது. இதே முப்பத்தைந்து ஆண்டுகளில் டொயோட்டா எம்ஆர்2, ஹோண்டா எஸ்2000, ஜெனரல் மோட்டார்ஸின் போண்டியாக் சால்ஸ்டிஸ் எல்லாம் உற்பத்தி நின்று போய்விட்டன. விற்பனை இறங்குவது இயல்பு என்றால், ஒன்று மட்டும் பிழைத்தது எப்படி என்பதுதான் கேள்வி.

என் விடை, அது எங்கே, எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஹிரோஷிமாவின் உஜினா ஆலையில் ஒரே உற்பத்தி வரிசையில் பல மாடல்கள் கலந்து ஓடுகின்றன. எம்எக்ஸ்-5 அவற்றுக்கிடையே ஒன்றாக வருகிறது. அதற்கு ஆர்டர் குறைந்த மாதத்தில் வரிசை நிற்பதில்லை. அந்த இடத்தில் ஒரு எஸ்யூவி கட்டப்படுகிறது. சால்ஸ்டிஸின் கதையைப் பாருங்கள். 2005இல் 20,000 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் வந்தது, கண்ணைப் பறிக்கும் வடிவம், தொடக்கத்தில் காத்திருப்புப் பட்டியல். ஆனால் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் ஆலை அந்தக் காரையும், வேறு பெயர்களில் விற்ற அதன் உடன்பிறப்புகளையும் மட்டுமே நம்பி ஓடியது. பேரேடு ஐயா சொன்ன அந்த மூன்றாம் ஆண்டு வந்தபோது ஓர் ஆலை முழுவதும் பாதிச் சுமையில் நின்றது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது முதல் வரிசையில் மூடப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. (கூரையை மடித்தால் டிக்கி முழுவதையும் அது அடைத்துக்கொள்ளும் என்பதை அந்தக் காரின் காதலர்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.)

ஃபியட் 124 ஸ்பைடரையும் மாஸ்டாதான் ஹிரோஷிமாவில் கட்டிக் கொடுத்தது. உருவாக்கும் செலவை இருவர் பகிர்ந்துகொள்ளும் வழி அது. டொயோட்டாவும் சுபாருவும் செய்தது அதையே. ஆக, விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை விற்க முடியாது என்பது தவறு. நிறைய விற்கும் என்று திட்டமிட்டால்தான் அது நிறுவனத்தைக் கவிழ்க்கிறது.

நித்யா_மிச்சிகன்:

இதுவரை எழுதிய நால்வரும் ஆண்கள் என்று ஊகிக்கிறேன். ஏனென்றால் பின்சீட்டைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

நானும் என் கணவரும் ஜிஆர்86ஐ வாங்கும் நோக்கத்தோடுதான் ஷோரூமுக்குப் போனோம். எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. அந்த வயதுக் குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். அதைப் பின்சீட்டில் பொருத்த முன்சீட்டை நகர்த்திக்கொண்டே போனோம். கடைசியில் என் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. நான் ஐந்தடி மூன்றங்குலம். என் மாமியார் வந்தால் அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். கணவர் சிரித்தார், விற்பனையாளர் சிரிக்கவில்லை. அந்தப் பின்சீட்டை மடித்தால் பந்தயத்துக்கான நான்கு டயர்களை ஏற்றலாம் என்று டொயோட்டா பெருமையாகச் சொல்கிறது. நான்கு டயர்களுக்கு இடம் பார்த்தவர்கள் ஒரு குழந்தைக்குப் பார்க்கவில்லை.

இதோடு பனிக்காலக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த பின்சக்கர இயக்கக் காரை இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஓட்டத் தனியாக ஒரு செட் பனி டயர் வேண்டும், அதை மற்ற மாதங்களில் வைக்க இடம் வேண்டும். ஓட்டுநர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் காப்பீட்டுத் தொகை மாதத் தவணையோடு போட்டி போடும். ஆக இந்தக் காரை வாங்க வசதியுள்ளவர் இரண்டாவது காராக மட்டுமே வாங்க முடியும். இரண்டு கார் வைக்க வசதியுள்ளவருக்கோ விலை குறைந்த கார் தேவையில்லை. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். நாங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தது எஸ்யூவி.

கியர்ப்பெட்டி:

சகோதரி நித்யா சொன்னதே என் வாதத்துக்கு வலு. அதே விலைக்கு நான்கு கதவும் நல்ல பின்சீட்டும் உள்ள ஹோண்டா சிவிக் எஸ்ஐ கிடைக்கிறது. இன்னும் சற்றுக் கூடக் கொடுத்தால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. இரண்டும் நன்றாகவே ஓடும். மறுபுறம், புதிய 86க்குக் கொடுக்கும் பணத்தில் செகண்ட் ஹேண்ட் போர்ஷே பாக்ஸ்டர் வாங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடுக்கில் காரை நிறுத்தியது யார்? தயாரிப்பாளர்தானே?

தேவையே இல்லை என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. பிரிட்டனுக்கென ஒதுக்கிய ஜிஆர்86 கார்கள் அனைத்தும் முன்பதிவு தொடங்கிய ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பாதுகாப்பு விதிகள் 2024 ஜூலையில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகும் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் விற்றுவிட்டு ஐரோப்பாவிலிருந்து விலகிக்கொண்டார்கள். கேட்டவர்கள் வரிசையில் நின்றார்கள், கொடுக்கத்தான் ஆளில்லை.

பேரேடு:

ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது சில நூறு கார்கள். தேவை ஆழமானது என்பதற்கு அது சான்றாகாது. விரும்பிகள் முதல் நாளே வந்துவிடுவார்கள் என்று நான் சொன்னதற்கே சான்று.

இதைவிட விசித்திரமான உதாரணம் ஜப்பானில் உண்டு. ஹோண்டா எஸ்660 என்ற குட்டிக் கார் 2015இல் ஏறத்தாழ 20 லட்சம் யென் விலையில் வந்தது. 660 சிசி டர்போ இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால், 64 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். துணிக் கூரையைச் சுருட்டி முன்னாலுள்ள பெட்டியில் வைத்துவிட்டால் ஒரு கைப்பை வைக்கக்கூட வேறு இடம் கிடையாது. முதலில் மாதக்கணக்கில் காத்திருப்பு, பிறகு வழக்கமான சரிவு. 2022 மார்ச்சில் உற்பத்தி நிற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். சில வாரங்களிலேயே மீதமிருந்த எண்ணிக்கை முழுவதும் முன்பதிவாகிவிட்டது. ஆறு ஆண்டுகளாகக் கடையில் இருந்த காரை, அது போகப்போகிறது என்றதும்தான் வாங்க ஓடினார்கள்.

அடையாறு வாசகன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கே சென்னையில் எம்எக்ஸ்-5 போன்ற ஒன்று ஏன் வரவே இல்லை? அதன் நீளம் நான்கு மீட்டருக்குள்தானே? சிறிய கார் வரிச்சலுகை கிடைக்காதா?

ஹிரோஷிமா ரசிகன்:

நீளம் 3.9 மீட்டர்தான். ஆனால் அந்தச் சலுகைக்குப் பெட்ரோல் இயந்திரம் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும். எம்எக்ஸ்-5இன் சிறிய இயந்திரமே 1,500 சிசி. முழுக் காராக இறக்குமதி செய்தால் சுங்க வரி வேறு. அது தாண்டி வந்து சேரும்போது ‘விலை குறைந்த’ என்ற சொல்லுக்கு வேலையிருக்காது.

மலைச்சாலை:

ஹிரோஷிமா ரசிகன் சொன்ன வழியே சரியென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு ஒரு சிறிய எண்ணிக்கை, முன்பதிவு செய்தவருக்கு மட்டும் என்று கட்டினால் போதுமே? ஆர்வலர்களும் அப்போதாவது உடனே முடிவெடுப்பார்கள்.

பேரேடு:

எண்ணிக்கையைக் குறைக்கலாம், செலவு குறையாது. விபத்துச் சோதனைக்கு உடைக்க வேண்டிய கார்களும், புகைச் சான்றிதழுக்கான சோதனைகளும், பாகங்களை வடிக்கும் அச்சுகளின் செலவும் பத்தாயிரம் கார் விற்றாலும் ஒன்றுதான், நான்கு லட்சம் விற்றாலும் ஒன்றுதான். நான்கு லட்சத்தால் வகுத்தால் ஒரு காருக்குச் சில நூறு டாலர் வரக்கூடிய செலவு, பத்தாயிரத்தால் வகுத்தால் நாற்பது மடங்காகிறது. அதை விலையில் ஏற்றினால் காரின் விலை 40,000 டாலரை நெருங்கும். அந்த இடத்தில் நிஸான் இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது, அதன் முன்னாலும் வரிசை இல்லை. விலையில் ஏற்றாவிட்டால் நிறுவனத்தின் தலைவர் ஒருவர் கார்ப் பிரியராக இருந்து, நட்டத்தை விளம்பரச் செலவாக எழுதிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். டொயோட்டாவுக்கு அகியோ டொயோடா அப்படி வாய்த்தார். மற்ற நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் இந்தக் கோப்பு எந்த மேசையைத் தாண்டும் என்பதை மலைச்சாலைதான் சொல்ல வேண்டும்.